தம்பியைத் தேடி வந்தவர்

எங்கள் ஊரில் தவிட்டுக்கு வாங்கப்படாத ஒரே பிள்ளை நான்தான். மற்ற எல்லாரையும் யாரிடமோ தவிடு கொடுத்துத்தான் வாங்கியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு படி. வாங்கும்போதே அவள் தலையில் முடி நிறைய இருந்ததால் ஒரு படி கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்று அவளுடைய பெரியப்பா சொல்வார். ஊர்க்கவுண்டரின் பேரன் அடம்பிடித்து அழுகிற நாட்களில், தவிட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவனை அழைத்துப்போக ஆள் வந்திருப்பதாக அவன் வீட்டிலேயே மிரட்டுவார்கள். பிள்ளைகளைச் சீண்டுவதற்கு எங்கள் மலையின் குண்டூர் நாட்டுப் பெரியவர்கள் கைவசம் வைத்திருந்த பழைய விளையாட்டு அது. எல்லாரும் எல்லாப் பிள்ளைகளிடமும் அதை விளையாடினார்கள். என்னிடம் மட்டும் யாரும் விளையாடியதில்லை. "நீ இந்த ஊட்டுலயே பொறந்தவ, கண்ணு" என்பார்கள், நான் கேட்காமலே. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்பதை மறைப்பானேன்.

என்னைவிட இரண்டு வயது இளையவனான தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தவிட்டுக் கதைகளிலேயே நீளமானது அவனுடையதுதான். அதைச் சொல்கிறவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. வேலை ஓய்ந்து உட்கார்ந்தால் போதும், தம்பியைப் பிடித்து மடியில் இருத்திக்கொண்டு ஆரம்பித்துவிடுவார்.

"நானும் உங்கப்பனும் பலாப்பழம் சொமந்துக்கிட்டு உப்பு வாங்கக் கீழ எறங்குனோமா, புளியஞ்சோலை ஓடைக்கரையில ஒரு துணி மூட்டை கெடந்துச்சு. உள்ள என்னமோ நெளிஞ்சுது. பூனைக்குட்டின்னு நெனச்சுக் குச்சியில தள்ளிப் பாத்தா, நீ! குனிஞ்சு பாத்தேனா, எம் மீசையப் புடிச்சுக்கிட்ட. உட்டாத்தானே? மீசைய அறுத்துக் குடுக்கறதா, உன்னையத் தூக்கிக்கிட்டு வாரதா? அங்க இருந்த கெழவிகிட்ட ஒரு படித் தவிட்டக் கொட்டிட்டுத் தூக்கியாந்துட்டோம்."

மற்றவர்கள் சொல்லும் கதையில் ஒரு சந்தைக்காரி வருவாள், தவிடு வரும், அதோடு முடிந்துவிடும். மாமாவின் கதையில் ஓடைக்கரை முழுக்கக் கீற்றுக் குடிசை போட்டு ஆட்கள் தங்கியிருந்தது வரும். மலையேறும்போது பிள்ளை பசியில் அழுதது வரும். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பால் கேட்டு வாங்கி, துண்டு நுனியை நனைத்துப் பிள்ளையின் வாயில் பிழிந்தது வரும். அந்த இடத்துக்கு வரும்போது மாமாவின் கண் கலங்கிவிடும். பொய் சொல்லிக்கொண்டே அழவும் தெரிந்தவர் என்று எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு. அம்மாவுக்கு மட்டும் அந்தக் கதை பிடிக்காது. அடுப்பின் முன்னாலிருந்து, "வேற பேச்சே இல்லையாடா உனக்கு?" என்று சீறுவாள். பெற்ற பிள்ளையை இப்படிச் சொல்கிறாரே என்று அவளுக்குக் கோபம் போலும் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கதை உண்மையாக இருப்பதால்தான் கோபம் வருகிறது என்று முடிவு செய்துகொண்டேன். தம்பி கண்டெடுத்த பிள்ளை. அம்மா அப்பாவுக்கு அது வெளியே தெரியக் கூடாது. மாமாவால் வாயை அடக்க முடியவில்லை.

இந்த முடிவுக்கு வந்த நாளிலிருந்து தம்பியிடம் நான் மிகவும் தயவாக நடந்துகொண்டேன். என் பங்குப் பலாச்சுளையில் இரண்டை அவனுக்குக் கொடுப்பேன். அவன் என்னை அடித்தால்கூட, அந்நியப் பிள்ளை, போகட்டும் என்று விட்டுவிடுவேன். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. வேலை ஏதாவது சொன்னால், "நான் தவிட்டுக்கு வந்தவன்தானே" என்று உதட்டைப் பிதுக்குவான். வேலை என் தலையில் வந்து விழும்.

எனக்கு ஒன்பது வயதாகும்போது ஜப்பான்காரன் சண்டை முடிந்தது என்று கீழேயிருந்து சேதி வந்தது. மலையில் இருந்த எங்களுக்கு அந்தச் சண்டை மண்ணெண்ணெய் கிடைக்காததாகவும் துணி கிடைக்காததாகவும் மட்டுமே வந்திருந்தது. அதற்கடுத்த வருஷம், சாமை கதிர் பிடிக்கிற காலத்தில் ஒரு காலை, நான் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் குடத்தை வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பைல் நாட்டுல ஊடு ஊடாப் போயி விசாரிச்சாராமாக்கா. தொறையூரு ராவுத்தராம்."

பைல் நாடு எங்கள் மலையின் இன்னொரு பகுதி. கீழே துறையூரில் கடை வைத்திருந்த முஸ்லிம் வியாபாரிகளை நாங்கள் ராவுத்தர் என்றுதான் சொல்வோம்.

"எதுக்காம்?"

"புளியஞ்சோலையில கெடந்த புள்ளையை மலைக்காரங்க யாரோ தூக்கியாந்துட்டாங்களாம். அது அவரு புள்ளையாம். இன்னைக்கு நம்ம பக்கம் வாராராம்."

அப்போதுதான் அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். மூத்தவள் என் குடத்தை வாங்கி, தன் குடத்துக்கு முன்னால் நிரப்பி, என் இடுப்பில் வைத்தாள். "நேரா ஊட்டுக்குப் போ சாமி. எங்கயும் சுத்தாத" என்றாள். ஊற்றில் முறை மாற்றிக்கொடுப்பது எங்கள் ஊரில் எளிதில் நடக்கிற காரியமில்லை. விஷயம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு அதிலேயே விளங்கிவிட்டது.

வீட்டுக்கு ஓடினேன். குடத்தில் பாதி வழியிலேயே சிந்திவிட்டது. அம்மாவும் அப்பாவும் காட்டுக்குப் போயிருந்தார்கள். வாசலில் தம்பி ஒரு வெட்டுக்கிளியின் காலில் நூல் கட்டிக்கொண்டிருந்தான். அவனை உள்ளே இழுத்து, கேட்டதையெல்லாம் சொன்னேன். அவன் முகம் சுருங்கிச் சின்னதாகிவிட்டது. அதுவரை அவனுக்கும் அது பாதி விளையாட்டாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

"தவிட்டத் திருப்பிக் குடுத்தா என்னைய அனுப்பிருவாங்களாக்கா?"

"மூட்டை மூட்டையாக் குடுத்தாலும் நான் உட மாட்டேன்."

சொல்லிவிட்டேனே தவிர, எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. பலாமரத்தில் ஏற்றினால் கீழே நின்று பார்த்தாலே தெரியும். காட்டுக்குள் அனுப்பினால் கரடி. கடைசியில் என் கண்ணில் தொம்பை பட்டது. சாமை கொட்டி வைப்பதற்காக மூங்கிலில் பின்னிச் சாணம் மெழுகிய, ஆள் உயரக் கூடு அது. அறுவடைக்கு முந்தைய காலம் என்பதால் அடியில் கொஞ்சம் தூசியும் உமியும்தான் கிடந்தன. உரலைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி, தம்பியைத் தூக்கி உள்ளே இறக்கினேன்.

"எம்புட்டு நேரங்க்கா?"

"அவரு போற வரைக்கும். தும்மக் கூடாது."

"பசிச்சா?"

இரண்டு வாழைப்பழத்தை உள்ளே போட்டு, மேலே முறத்தை வைத்து மூடினேன். சாமர்த்தியக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டு திரும்பினால், வாசலில் அம்மா நின்றாள். காட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறாள், மூச்சு இரைத்தது. கையில் களைக்கொத்துகூட அப்படியே இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டு என்னை வாரி அணைத்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போய் மூலையில் உட்கார்ந்தாள். "அம்மா இருக்கறன் சாமி, அம்மா இருக்கறன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

தம்பி எங்கே என்று அவள் கேட்கவே இல்லை. கேட்பாள், கேட்டதும் தொம்பையைக் காட்டி அவளை ஆச்சரியப்பட வைக்கலாம் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை.

சற்று நேரத்தில் அப்பாவும் மாமாவும் வந்தார்கள். அவர்களைத் தொடர்ந்து, ஊரின் மற்ற வீடுகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, அவரும் வந்தார். கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். பிள்ளை பிடிக்கிறவர் பெரிய உருவமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். வந்தவர் மெலிந்த மனிதர். சட்டையும் கைலியும் போட்டு, தலையில் வெள்ளைத் தொப்பி வைத்திருந்தார். மலையேறிப் பழக்கமில்லாத கால்; குடையை ஊன்றிக்கொண்டு நின்றபோதும் முழங்கால் நடுங்கியது. அப்பா பலாமரத்தடியில் கயிற்றுக் கட்டிலைப் போட்டு, "உக்காருங்க. மொதல்ல தண்ணி குடிங்க" என்றார்.

அவர் குடித்துவிட்டுச் சொன்னார்: "பைல் நாட்டுல நான் விசாரிச்சப்ப எல்லாரும் திருப்பிக் கேட்டாங்க. எந்தப் புள்ள, என்ன வயசு, எப்படிக் காணாமப் போச்சுன்னு. இந்த ஊருல பதினோரு ஊட்டுல கேட்டேனுங்க. ஒருத்தரும் எந்தப் புள்ளன்னு கேக்கல. இல்லைன்னு மட்டும் சொன்னாங்க. அதனாலதான் இந்த ஊருதான்னு தெரிஞ்சுக்கிட்டேன்."

அப்பா காலிச் செம்பை வாங்கிக் கீழே வைத்தார். அப்பாவுக்குப் பொய் வராது. வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு வந்தால் மற்றவர்கள் பன்றி தப்பித்த கதையை நீட்டி முழக்குவார்கள். அப்பா, "நான் தூங்கிட்டேன்" என்பார். அந்த மனிதரிடம் போய் இவர் மாட்டிக்கொண்டாரே என்று எனக்குத் திக்கென்றது.

அதன்பிறகு இரண்டு பேரும் தணிந்த குரலில் பேசினார்கள். எனக்குத் துண்டு துண்டாகத்தான் கேட்டது. கப்பல் என்றார். பினாங்கு என்றார். சண்டையில் கடிதாசிகூடப் போக்குவரத்து இல்லை என்றார். வாந்திபேதி என்ற சொல் இரண்டு முறை வந்தது. கேட்கக் கேட்க அப்பாவின் தலை குனிந்துகொண்டே போனது. மாமா மரத்தில் சாய்ந்து நின்று பட்டையை நகத்தால் உரித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அப்பா தலையை நிமிர்த்தி, வீட்டுக்குள் கேட்கிற குரலில் சொன்னார்:

"நான் மறைக்க மாட்டேனுங்க. ஆனா இவுங்கம்மாவக் கேக்காம ஒரு வார்த்தை சொல்ல என்னால முடியாதுங்க."

என்னைச் சுற்றியிருந்த அம்மாவின் கை இறுகியது. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியைக் கொடுக்கப் போகிறார்கள். கேட்டு வந்தவனுக்கு இல்லை என்று சொல்ல அப்பாவால் முடியாது. அம்மாவோ, போகிறவன் போகட்டும், பெற்ற ஒன்றாவது கையில் இருக்கட்டும் என்றுதான் என்னை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அவன் எங்கே என்று அவள் கேட்காததற்கும் அதுதான் காரணம். என் வாழ்க்கையில் அம்மாவை நான் வெறுத்தது அந்த ஒரு நிமிஷம்தான். அவள் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடினேன்.

கட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். பத்து வயதுப் பெண்ணுக்கு யாரும் எழுந்து நிற்க மாட்டார்கள். என் கோபத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

"எந் தம்பிய உங்களுக்குத் தர மாட்டோம்" என்றேன்.

அவர் வாய் திறந்தபடி நின்றார்.

"அவன் ஒண்ணும் புளியஞ்சோலையில கெடைக்கல. மாமா சும்மா சொல்லுச்சு. மாமா எப்பவும் அப்பிடித்தான் சொல்லும். அவன் இந்த ஊட்டுலதான் பொறந்தான். பொறக்கறப்ப நாந்தான் பக்கத்துல இருந்தேன். அவனுக்கு ராத்திரியில நான் பக்கத்துல படுத்தாத்தான் தூக்கம் வரும். உங்க ஊர்ல சாமைச் சோறு கெடையாது. அவன் வேற எதுவும் திங்க மாட்டான். செத்துப் போயிருவான்."

மூச்சு வாங்க நிறுத்தினேன். மாமா மரத்துக்குப் பின்னால் போய்விட்டார். வந்தவர் மெல்லக் குனிந்து, குடையைக் கீழே வைத்துவிட்டு, என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்தார்.

"அப்ப நீ, கண்ணு? நீ எங்க பொறந்த?"

கேள்வியின் அசட்டுத்தனம் எனக்குச் சிரிப்பை வரவழைத்தது.

"நானா? நானும் இந்த ஊட்டுலதான் பொறந்தேன். என்னைய யாரும் தவிட்டுக்கு வாங்கல. வேணும்னா ஊருல யார வேணாலும் கேட்டுக்குங்க."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அப்பா கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். கதவுப்பக்கம் அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுக்குள் தடாலென்று ஏதோ சரிந்து விழுந்தது. தொம்பை உருண்டது, அதிலிருந்து தம்பி வெளியே வந்தான். தலைமுடி, புருவம், இமை எல்லாம் சாமை உமி. சாம்பலில் புரண்ட குரங்குக்குட்டி மாதிரி இருந்தான். ஒரு கையில் வாழைப்பழத் தோல். வாசலுக்கு வந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று ஐந்து தும்மல் போட்டுவிட்டு, "அக்கா, நான் போகலக்கா! எனக்குப் பெரிய ஊரு வேணாம்!" என்று என் இடுப்பைக் கட்டிக்கொண்டு கதறினான்.

முதலில் சிரித்தவர் அந்த ராவுத்தர்தான். நன்றாக, குலுங்கிச் சிரித்தார். சிரித்துக்கொண்டே தோள் துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது. எங்கள் தம்பி அவ்வளவு நேரம் சிரிக்க வைக்கிற அளவுக்கா இருக்கிறான் என்று எனக்குச் சற்றுக் கோபமாகவும் இருந்தது. அவர் துண்டை எடுத்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது. தம்பியின் தலையிலிருந்த உமியைக் கையால் தட்டிவிட்டார்.

"பயப்படாத சாமி. நான் தேடி வந்தது உன்னைய இல்ல." பிறகு எழுந்து, அப்பாவைப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "தப்பான ஊட்டுக்கு வந்துட்டேனுங்க. எம் புள்ள இங்க இல்லீங்க."

அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அம்மா, அந்நிய ஆண்பிள்ளை முன்னால் ஒருநாளும் வராதவள், சுரைக்குடுக்கை நிறைய தேன் கொண்டுவந்து அவர் காலடியில் வைத்துவிட்டு, அப்படியே தரையில் விழுந்து கும்பிட்டாள். அவர் பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தார். "வேணாங்கம்மா, வேணாம். நாந்தான் உங்களக் கும்புடணும்" என்றார். தப்பான வீட்டுக்கு வந்தவர் எதற்குக் கும்பிட வேண்டும் என்று நான் யோசித்தேன். யோசிக்க நேரமில்லை, தம்பி தேன்குடுக்கையில் விரலை விட்டுவிட்டான்.

"இவரை ஓடை வரைக்கும் கொண்டுபோய் உட்டுட்டு வா, கண்ணு" என்றார் அப்பா என்னிடம். விருந்தாளியை வழியனுப்ப வீட்டு ஆண்பிள்ளை போவதுதான் எங்கள் ஊர் வழக்கம். எல்லாம் மாறிப்போன நாள் அது. அம்மாவை ஒருமுறை பார்த்தேன். போ என்று தலையசைத்தாள். போய் விட்டுவிட்டு வந்தேன்.

அன்று பொழுது சாயும் முன்பே எங்கள் வீட்டில் அடுப்பு பற்றியது. ஊற்றில் எனக்குத் தண்ணீர் நிரப்பிக் கொடுத்தவள் ஒரு கோழியோடு வந்தாள். அடுத்த வீட்டுக்காரர்கள் அவரைக்காயும் பூசணியும் கொண்டுவந்தார்கள். ஊர்க்கவுண்டர் வந்து கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததை அப்பா வாயால் ஒருமுறை, மாமா வாயால் ஒருமுறை கேட்டார். தொம்பை உருண்ட கட்டத்தில் இரண்டு முறையும் சிரித்தார். எல்லாரும் என்னைப் பக்கத்தில் இழுத்து இழுத்துத் தலையைத் தடவினார்கள். தம்பியைக் காப்பாற்றியதற்காக என்று நான் ஒவ்வொருவருக்கும் அடக்கமாகச் சிரித்துவைத்தேன். நான் கடித்த இடத்தைக் காட்டும்படி அம்மாவிடம் சொன்னேன். நாலு பல் பதிந்திருந்தது. "வலிக்குதாம்மா?" என்றேன். "வலிக்கவே இல்ல சாமி" என்று அந்தக் கையாலேயே எனக்குச் சோறு ஊட்டினாள். அதற்குப் பிறகு மாமா புளியஞ்சோலைக் கதையைச் சொல்லவில்லை. தம்பியே கேட்டபோதும் சொல்லவில்லை.

எனக்குப் பதினாறு வயதில் கல்யாணம் பேசி முடித்தார்கள். அந்த வாரம் அப்பா என்னைச் சாமைக்காட்டு வரப்பில் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவருக்குத்தான் பொய் வராதே. இத்தனை வருஷம் பேசாமல் இருந்ததே அவருக்குப் பெரிய பாரமாக இருந்திருக்க வேண்டும். துறையூர்ப் பக்கம் வாந்திபேதி கண்ட வருஷம். பயந்துபோன ஜனங்கள் ஊரைக் காலி செய்துகொண்டு புளியஞ்சோலை மரத்தடிகளில் குடிசை போட்டுத் தங்கியிருந்தார்கள். அவர்களோடு நோயும் வந்துவிட்டது. ஓடைக்கரையில் ஓர் இளம்பெண் இறந்து கிடந்தாள். அவளுடைய தாயும் அன்று காலைதான் போயிருந்தாள். பக்கத்தில் ஐந்து மாதப் பெண் குழந்தை. தொட்டால் நோய் ஒட்டும் என்று யாரும் தூக்கவில்லை. அப்பாவும் மாமாவும் உப்பு வாங்காமலே மலையேறினார்கள். கல்யாணமாகி ஆறு வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்த அம்மா, நோய் என்றார்கள், கேட்கவில்லை. சாதி என்றார்கள், கேட்கவில்லை. ஊர்க்கவுண்டர் குழந்தையை எங்கள் குலச்சாமி முன்னால் படுக்கவைத்துத் தண்ணீர் தெளித்து, "இது நம்ம புள்ள. இதை மாத்திச் சொல்ற வாய்க்கு இந்த ஊருல சோறு கெடையாது" என்று சொல்லிவிட்டார். ஊர் முழுக்க அந்தச் சொல்லைக் காத்தது. மாமாவும் காத்தார். ஆனால் மனசுக்குள் கிடந்ததைச் சொல்லாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஆளை மட்டும் மாற்றிச் சொல்லிக்கொண்டார்.

ராவுத்தர் மரத்தடியில் சொன்னதையும் அப்பா சொன்னார். பிள்ளை பிறந்து, அதற்குப் பேர் வைத்த மறுவாரமே அவர் பினாங்குக்குக் கப்பல் ஏறியிருக்கிறார். தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள் என்று அங்கே கடிதாசி போயிருக்கிறது. திரும்பி வரலாம் என்று பணம் சேர்த்து நின்றபோது சண்டை வந்துவிட்டது. சண்டை முடிந்து வந்த பிறகுதான், அந்தக் குடிசைகளில் தங்கியிருந்த ஒரு கிழவி, பிள்ளை சாகவில்லை, மலைக்காரர் இரண்டு பேர் எடுத்துப்போனார்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

கேட்டு முடித்ததும் நான் அழுவேன் என்று அப்பா பயந்துகொண்டிருந்தார். எனக்கு முதலில் வந்தது வேறு ஒன்று.

"அப்ப தம்பியத் தவிட்டுக்கு வாங்கலையாப்பா? அவன் இந்த ஊட்டுப் புள்ளைதானா?"

அப்பா சிரித்தார். சிரித்து, பிறகு வரப்பில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டார். அழுகை எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் வந்தது. அதுவும் துக்கத்தால் என்று சொல்ல முடியாது. அன்று ராவுத்தர் என்னைத் தன் பிள்ளை என்று சொல்லியிருந்தால் என் வாழ்க்கை எந்த ஊரில், எந்தப் பேரில் ஓடியிருக்கும் என்று நினைக்க நினைக்க, ஓடுகிற வண்டியின் முன்னாலிருந்து கடைசி நொடியில் இழுத்துக் காப்பாற்றப்பட்டவளைப் போல உடம்பு நடுங்கியது. கல்யாணம் முடிந்து கணவரோடு துறையூருக்குப் போய் விசாரித்தேன். மலைக்குப் போய்வந்த மறுமாதமே அவர் மறுபடி கப்பல் ஏறிவிட்டார் என்று சொன்னார்கள். பிறகு சேதி இல்லை.

அவரை ஓடை வரைக்கும் கொண்டுபோய் விட்ட அந்த நடையைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்வேன். போகும் வழியெல்லாம் நான் வாய் ஓயாமல் பேசினேன். ஆபத்து நீங்கிய சந்தோஷம். அதோடு, வெறுங்கையோடு போகிறவர்மேல் ஓர் இரக்கம். எந்த மரத்தில் பழம் இனிக்கும், எந்தப் பாறையில் குரங்கு உட்காரும் என்று காட்டிக்கொண்டே வந்தேன். அவர் ஒவ்வொன்றுக்கும் நின்று பார்த்தார். முழங்கால் வலி என்று மூன்று இடத்தில் உட்கார்ந்தார். இறக்கத்தில்கூட இவ்வளவு மெதுவாக நடக்கிறவர் எப்படி மலையேறி வந்தார் என்று எனக்கு வியப்பு.

ஓடை வந்தது. இலையைக் கோட்டி மொண்டு தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு இன்னும் கேட்டார். மறுபடி கொடுத்தேன்.

"உம் பேரு என்ன கண்ணு?"

சொன்னேன். அவர் அதை மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "நல்ல பேரு" என்றார்.

"உங்க புள்ள பேரு என்னங்க?" என்று நானும் மரியாதைக்குக் கேட்டேன். "சொன்னா, எங்கயாவது பாத்தாச் சொல்லி அனுப்பறேன்."

அவர் சொல்ல வாயெடுத்தார். உதடு அசைந்தது. பிறகு ஓடையைப் பார்த்துக்கொண்டு, "மறந்து போச்சு கண்ணு" என்றார். குடையை விரித்துக்கொண்டு தண்ணீரைத் தாண்டிப் போனார். அக்கரையில் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் கையை ஆட்டினேன்.

வீட்டுக்கு ஓடி வந்து, மூச்சு இரைக்கத் தம்பியிடம் சொன்னேன்: "பேருகூட ஞாபகம் இல்லாமப் புள்ளையத் தேடி வந்திருக்காருடா!"

தம்பி காதுக்குள் இருந்த உமியைக் குடைந்துகொண்டே, "அந்தப் புள்ள பாவங்க்கா" என்றான்.

ஆமாம், பாவம்தான் என்றேன் நானும்.